ஸ்கிம்மரும் பம்பும்: தொட்டிக்கு முந்திய குறிப்புகள்

கடல்நீர்த் தொட்டி என்றதும் பணம் முதலில் கண்ணாடிக்கும் விளக்குக்கும் போகிறது. மிஞ்சியதில் ஸ்கிம்மரும் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) பம்பும் வாங்கப்படுகின்றன. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மீன் உயிரோடிருப்பது கேபினட்டுக்குள் மறைந்திருக்கும் இந்த இரண்டின் தயவில்தான்.

*

கணக்குக்கு ஒரு தொட்டி: எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். 40 கன அடி; ஏறக்குறைய 1,130 லிட்டர். கீழே, தொட்டியிலிருந்து வழியும் நீர் வந்து சேரும் 250 லிட்டர் சம்ப். ஊர் சென்னை. மீன் மட்டும், பவளம் இல்லை.

பவளம் இல்லாததற்குக் காரணம் சட்டம். கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்ந்து இருக்கின்றன. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு வெட்டியெடுக்கப்பட்ட திட்டுகள் அவை. வீட்டு அலங்காரத்துக்காக அங்கிருந்து ஒரு துண்டுகூட வரக்கூடாது.

இதற்கும் ஸ்கிம்மருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஜெர்மனியில் டீட்ரிச் ஸ்டூபர் போன்றவர்கள் வளர்த்தெடுத்த பெர்லின் முறையில், கடலிலிருந்து வந்த உயிர்ப்பாறையின் பாக்டீரியாக்கள் பாதி வேலையைப் பார்த்தன. மீதியை வலுவான ஸ்கிம்மர் பார்த்தது. நம் தொட்டியில் அந்தப் பாறை கிடையாது. காய்ந்த கல்லும் பீங்கான் வளையங்களும்தான். அவற்றில் பாக்டீரியா நன்றாகக் குடியேற மாதங்கள் ஆகும். போதாததற்கு, மீன் மட்டும் உள்ள தொட்டியில் தீனியும் அதிகம் விழும். சுமை முழுக்க ஸ்கிம்மர் தலையில்.

*

ஸ்கிம்மர் வேலை செய்யும் விதம் எளிது. தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் கரையும் புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரோடு ஒட்டும், மறுமுனை நீரைவிட்டு விலகப் பார்க்கும். காற்றுக் குமிழின் மேற்பரப்பு அதற்குத் தோதான இடம். அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. குமிழ்கள் ஏறி நுரையாகி, கழுத்தைத் தாண்டிக் கோப்பையில் வழிகின்றன. பழுப்பு நிறத்தில், மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு ஒரு திரவம் சேர்கிறது.

உப்புநீரில் சின்னக் குமிழ்கள் எளிதில் ஒன்றுசேர்ந்து பெரிதாவதில்லை. நன்னீரில் சட்டென்று சேர்ந்துவிடும். அதனால்தான் வீட்டு அளவு ஸ்கிம்மர் தங்கமீன் தொட்டியில் உதவாது. 2019 டிசம்பரில், மழைக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை குவிந்து கிடந்ததும் இதே இயற்பியல். கழிவு கலந்த கடலை அலை அடித்து நுரையாக்கியது. குழந்தைகள் அதில் விளையாடிய படங்களைப் பார்த்தபோது, அந்தக் கோப்பையில் சேரும் திரவம்தான் நினைவுக்கு வந்தது, பதறிப்போனேன்.

மற்ற வடிகட்டிகள் அழுக்கைப் பிடித்து வைக்கும். நாம் அலசும்வரை அது நீருக்குள்ளேயே அழுகும். ஸ்கிம்மர் மட்டும் அழுக்கை, அது அம்மோனியாவாகச் சிதைவதற்கு முன்பே, நீரைவிட்டு வெளியே எடுத்துவிடுகிறது.

*

ஆனாலும் அதனிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மனும் குழுவினரும் 2009-ஐ ஒட்டி ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார்கள். நீரிலுள்ள மொத்தக் கரிமப் பொருளில் சுமார் 20 முதல் 35 சதவீதம்வரைதான் அவை எடுத்தன. அதைவிட முக்கியம், விலையுயர்ந்ததற்கும் சாதாரணமானதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மீதியைக் கரியும் (ஆக்டிவேட்டட் கார்பன்) நீர் மாற்றமும்தான் பார்க்க வேண்டும். பெயருக்காக இரட்டை விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணம் உப்புக்குப் போகட்டும். பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றினாலே ஒரு முறைக்கு நான்கு கிலோ உப்பு வேண்டும்.

*

பெட்டியில் ‘2,000 லிட்டர் வரை’ என்று போட்டிருக்கும். எத்தனை மீன், எவ்வளவு தீனி என்பதைச் சொல்லாத எண் அது. நான் பார்ப்பது மணிக்கு எவ்வளவு காற்று இழுக்கிறது என்பதை. மீன் நிறைந்த தொட்டிக்கு, தொட்டி நீரின் அளவுக்குக் குறையாத காற்று வேண்டும் என்பது என் அளவுகோல். இங்கே மணிக்கு 1,200 லிட்டருக்குக் குறைந்ததைத் தொட மாட்டேன்.

அதற்காகக் கண்டபடி பெரிதும் வேண்டாம். அகலமான கழுத்தில் நுரை ஏற, அதற்கேற்ற அழுக்கு நீரில் இருக்க வேண்டும். மீன் குறைவாக உள்ள தொட்டியில் மிகப் பெரிய ஸ்கிம்மர் நாள்கணக்கில் நுரையே ஏற்றாமல் சும்மா ஓடும்.

இன்னொன்று: ஊசிச் சக்கர ஸ்கிம்மரில் பம்பும் உடலும் ஒரே இயந்திரம். காற்றை இழுத்து, முள்முள்ளான இம்பெல்லரால் நொறுக்கிப் பொடிக் குமிழாக்குவது அந்தப் பம்புதான். அது கெட்டால் கடையில் கிடைக்கும் வேறு பம்பைப் பொருத்தி ஓட்ட முடியாது. இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

*

சம்ப் நீர்மட்டம். வாங்கும்போது யாரும் சொல்லாதது, வாங்கிய பின் எல்லோரையும் படுத்துவது. ஸ்கிம்மர் நிற்கும் அறையில் நீர் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவு எதுவோ அது. இரண்டு செ.மீ. கூடினால் வெறும் நீர் கோப்பையில் வழியும், குறைந்தால் நுரை பாதியில் நின்றுவிடும். சம்ப்பில் கண்ணாடித் தடுப்பு வைத்து அந்த அறையின் மட்டத்தை நிலைநிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஆவியாகும் நீரால் ஏறி இறங்கும் மட்டம், தடுப்புக்கு அப்பால், நீரை மேலே திருப்பியனுப்பும் ரிட்டர்ன் பம்ப் அறையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மின்வெட்டு இதையும் குலைக்கும். பம்ப் நின்றதும் மேலிருந்து நீர் வடிந்து சம்ப் நிறையும். மின்சாரம் வந்தவுடன் ஸ்கிம்மர் அந்த ஆழத்தில் ஓடத் தொடங்கிக் கோப்பையை நிரப்பித் தரைக்கும் வழியவிடும். ஸ்கிம்மர் மட்டும் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும்படி டைமர் போட வேண்டும். ரிட்டர்ன் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை. நீர் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து பின்னோட்டம் நின்றுவிடும். செக் வால்வை நம்பக் கூடாது. உப்பும் பாசியும் படிந்தால் அது மூடாது.

*

ரிட்டர்ன் பம்ப். பெட்டியில் இரண்டு எண்கள் கொட்டை எழுத்தில்: அதிகபட்ச ஓட்டம், அதிகபட்ச உயரம். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. அதிகபட்ச உயரத்தில் ஓட்டம் சுழியம். இந்தத் தொட்டிக்கு மணிக்கு நான்கு மடங்கு சுழற்சி போதும். சுமார் 4,500 லிட்டர். சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டி நீர்மட்டம் ஒன்றேகால் மீட்டர். எல்போக்களின் உராய்வையும் கூட்டி 1.8 மீட்டர் என்று வைக்கலாம். 8,000 லிட்டர், 4.5 மீட்டர் என்று போட்ட பம்ப்தான் அங்கே நமக்கு வேண்டியதைத் தரும். 5,000 என்று போட்டதை வாங்கினால் ஏமாற்றம்.

குழாயும் பம்பின் பகுதிதான். இந்த ஓட்டத்தை ஒரு இஞ்ச் குழாயில் தள்ளாமல் ஒன்றேகால் இஞ்சில் தள்ளினால், உராய்வு இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

வீட்டு மோனோபிளாக் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இரும்பு அரிக்கும், பித்தளையிலிருந்து கசியும் செம்பு, பின்னால் இறாலோ நட்சத்திர மீனோ விட்டால் அவற்றைக் கொல்லும். பீங்கான் தண்டுள்ளது வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஏசி பம்பும் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜைச் சரிசெய்யலாம். 60 ஹெர்ட்ஸ் இங்கே 50 ஆவதை அது மாற்றாது. வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும், ஏற்றும் உயரமோ கிட்டத்தட்ட எழுபது சதவீதத்துக்கு விழுந்துவிடும்.

*

80 வாட் ரிட்டர்ன், 30 வாட் ஸ்கிம்மர் என்றால் மாதம் 79 யூனிட். அந்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி நீரிலோ அறையிலோ இறங்குகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் அதை மறுபடி வெளியேற்ற வேண்டும். சென்னை மே மாதத்தில் ஒரே வாட்டுக்கு இருமுறை பணம். டிசி பம்ப் விலை கூடுதல் என்றாலும் அதற்கே என் ஓட்டு. வேகத்தைக் குறைக்கலாம், பேட்டரியிலும் ஓடும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் உறுமிச் சூடேறும்.

28 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு 6.4 மி.கி. ஆக்சிஜன்தான் கரையும். நன்னீரைவிடக் குறைவு. மின்வெட்டில் மீன் முதலில் தவிப்பது மூச்சுக்குத்தான். பேட்டரியில் ஒரே ஒரு கருவியைத்தான் ஓட்ட முடியும் என்றால், நீர்ப்பரப்பைக் கலக்கும் பம்ப் ஓடட்டும். ஸ்கிம்மர் காத்திருக்கும்.

*

எழுதிப் பார்த்தபின் ஒன்றை மாற்றுகிறேன். 8,000 லிட்டர் பம்ப் ஒன்றுக்குப் பதிலாக, அதே உயரம் ஏற்றும் 4,000 லிட்டர் பம்ப் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். ஓட்டம் பாதியாவதால் ஒரு இஞ்ச் குழாயே போதும். ஒரே குழாயில் இணைத்தால் நின்றுபோன பம்ப் வழியாக நீர் திரும்பிவிடும், ஆகையால் தனித்தனிதான். விலை சற்றுக் கூடும். சனிக்கிழமை இரவு ஒன்று நின்றாலும், திங்கள்கிழமை கடை திறக்கும்வரை மற்றது தாங்கும்.