கரண்ட் இல்லாத நாட்களில் மெயில்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. பேராதனையில் எங்கட போர்டிங்கில் வைஃபை வாற கொஞ்ச நேரத்தில் அவசரமா மெயில் பார்ப்பேன். அப்படித்தான் புலமைப்பரிசில் நேர்முகக் கடிதம் விளம்பரங்களுக்குள்ள புதைஞ்சு போனது. நாள் முடிஞ்ச பிறகுதான் கண்டேன். அழுகையே வந்திட்டுது.

அன்றைக்கே லப்டொப்பில் தண்டர்பேர்ட் போட்டேன். முக்கியமான முகவரிகளை 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' மூலம் தனி ஃபோல்டருக்கு அனுப்பினேன். மெயில்கள் கணினியிலேயே சேமிக்கப்படுவதால் இன்டர்நெட் இல்லாமலும் வாசிக்கலாம். பதிலை எழுதி கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அவுட்பொக்ஸில் காத்திருக்கும். இணைப்பு வந்ததும் அனுப்பிவிடலாம்.

அடுத்த வருசம் திரும்பவும் விண்ணப்பித்தேன். கடிதம் நேரே அந்த ஃபோல்டரில் வந்து விழுந்தது. இந்த முறை நேர்முகத்துக்குப் போனேன்.