கூடை திரும்பி வந்த நாள்

மேக்கப் போடும் பையன் என் நெற்றியில் பவுடரை ஒற்றிக்கொண்டே கேட்டான்: "மேடம், நீங்க இன்னிக்கு யார் சைடு?" அந்த விவாதத்துக்கு வந்திருந்த நான்கு பேரையும் அவன் அப்படித்தான் கேட்டிருப்பான். "மீனவர் சைடு" என்றேன். "அப்போ லெஃப்ட்ல மூணாவது சீட்டு" என்றான்.

சில வருடங்களுக்கு முந்தைய கதை இது. எங்கள் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பது பற்றிய விவாதம். எனக்குக் கிடைத்தது மொத்தம் மூன்று நிமிடம். நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் இருக்கின்றன, அது சேற்றில் படிகிறது, சேற்றில் மேயும் இறாலிலும் நண்டிலும் ஏறுகிறது என்று சொன்னேன். இதைக் கொட்டியவர்கள்தான் அள்ள வேண்டும், அள்ளி முடிக்கும்வரை மீனவர் குடும்பங்களுக்கு வாழ வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் கடைசி ரயிலைப் பிடித்தேன்.

ராத்திரியே நாற்பது விநாடித் துண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு வரி: எண்ணூர் மீனில் விஷம், பெண் வழக்கறிஞர் பகீர். கொட்டியவர்கள் அள்ள வேண்டும் என்ற பாதி அதில் இல்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா திருவொற்றியூர்த் தெருக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பினாள். கூடையில் முக்கால்வாசி மீன் அப்படியே இருந்தது. மடவை, கொஞ்சம் கிழங்கான், இறால். ஐஸ் கரைந்து கூடை ஒழுகிக்கொண்டிருந்தது. இருபது வருடமாக அவளிடம் வாங்கும் வீட்டம்மா கேட்டாளாம்: "உம் பொண்ணுதான நேத்து டிவில சொல்லிச்சு, வெஷம்னு? அப்புறம் எங்க கைல ஏன் குடுக்கற?"

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூடையை வாசல்படியில் வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ சொன்னது பொய்யின்னு நா சொல்லல. நாளைக்கு நா இன்னாத்த வித்துட்டு வர்றதுன்னு அத்தயும் சேத்து சொல்லிட்டு வந்திருக்கலாம் இல்ல?"

சட்டம் படித்து, கறுப்பு கவுன் போட்டு, சேப்பாக்கம் கலஸ் மஹாலில் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் நின்று வாதாடிய எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஊர் நிர்வாகிகள் கூப்பிட்டனுப்பினார்கள். வலை பின்னும் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர். பெரியவர் ஒருவர், "வக்கீலம்மா, கேஸ கோர்ட்ல பேசு. டிவில பேசுனா எங்க வயித்துல அடிக்குது" என்றார். பக்கத்தில் இருந்த இளைஞன் விடவில்லை. "இன்னா பெரிப்பா பேசற? டிவில வராத வரைக்கும் எவன் வந்து நம்மள பாத்தான்?" என்றான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த இளைஞன் பக்கத்தை முதலில் சொல்கிறேன். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரை ஒதுங்கியது. எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் அந்தக் கறுப்புக் கூழை அள்ளி அள்ளிக் கைமாற்றிய படங்களை நாடே பார்த்தது. 'கொஞ்சம்தான்' என்று சொல்லித் தட்டிக்கழிக்க அதற்குப் பிறகு யாராலும் முடியவில்லை. அதே மாதம்தான் டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாட்டும் வெளிவந்தது. சபாக்களில் கேட்ட குரல் எங்கள் சாம்பல் மேட்டில் நின்று பாடியது. எண்ணூர் எங்கே இருக்கிறது என்று அதுவரை கேட்டிராத மயிலாப்பூர்க்காரர்கள்கூட அதற்குப் பிறகு கேட்டார்கள்.

பொதுநல வழக்கு என்கிற வாசலே இந்த நாட்டில் பத்திரிகை வழியாகத் திறந்ததுதான். 1979-இல் பீகார்ச் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸில் கே.எஃப். ருஸ்தம்ஜி எழுதினார். அதைப் படித்துவிட்டு வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு. அந்தக் கட்டுரை வராமல் இருந்திருந்தால் அந்த மனுவும் இருந்திருக்காது. சட்டக் கல்லூரியில் இதைப் படித்த நாளில், பேனாவும் கவுனும் ஒரே வேலையைச் செய்பவை என்று நம்பினேன்.

இப்போது பெரியவர் பக்கம். வழக்கறிஞர் வாயைத் திறப்பது பற்றிச் சட்டத்துக்கே சந்தேகம் உண்டு. இந்திய பார் கவுன்சில் விதி 36, தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் கருத்து வரவைத்தும் தன் படத்தைப் போடவைத்தும் வக்கீல் வேலை தேடக்கூடாது என்கிறது. 1971-ஆம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், முடிந்துபோன வழக்கை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று ஐந்தாவது பிரிவில் சொல்கிறது. முடிந்த வழக்குக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. எங்கள் வழக்குகள் எப்போது முடிகின்றன? சாம்பல் பற்றி 2016-இல் தொடுத்த வழக்கில் 2022 ஜூலையில்தான் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு டான்ஜெட்கோவைப் பொறுப்பாக்கிக் கழிமுகத்தை மீட்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஆறு வருடம். ஆறு வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் கழியில் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

ஆனால் பெரியவர் விதி 36-ஐப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. அவர் சொன்னது வயிற்றை. நான் டிவியில் பேசினால் என் பெயர் வளரும், அதற்கான செலவு அவர் கூடையிலிருந்து போகும் என்பதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க ரயிலில் சிங்காரவேலரை நினைத்துக்கொண்டு போனேன். எண்ணூரிலிருந்து கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் தாண்டி பீச் ஸ்டேஷனில் இறங்கினால், ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ். அதன் பெயர் சிங்காரவேலர் மாளிகை. பட்டா கேட்டும் சாதிச் சான்றிதழ் கேட்டும் அங்கே வரிசையில் நிற்கும் எங்கள் சனத்தில் பலருக்கு, அந்தப் பெயருக்குரியவர் நம் மாதிரி மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது தெரியாது.

1860-இல் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்ற வக்கீல். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921-இல், கவுனைக் கொளுத்திவிட்டு இனி கோர்ட்டுப் படி ஏறுவதில்லை என்று வெளியே வந்தார். அதே வருடம்தான் பெரம்பூர்ப் பக்கத்து பின்னி ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம். சங்கம் வைத்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தடையாணையும் நஷ்டஈட்டு வழக்கும் சந்தித்த தொழிலாளர் தலைவர்களை வடசென்னை பார்த்திருந்த காலம் அது. அந்தக் கோர்ட்டை நம்பிப் பயனில்லை என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இரண்டு இடத்தில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். ஓர் இடம் திருவல்லிக்கேணிக் கடற்கரை, இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. செங்கொடிக்குத் துணி கிடைக்காமல் மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்தார் என்று சொல்வார்கள். பிறகு 'தொழிலாளன்' என்று தமிழில் ஒரு வார இதழ் நடத்தினார். வயதான காலத்தில் 'குடி அரசு' இதழில் அறிவியலும் பொதுவுடைமையும் எழுதினார்.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களுக்காகவே எழுதினார். அவர் இதழைத் தொழிலாளி கையில் வாங்கிப் படித்தான், படிக்கத் தெரியாதவன் கேட்டான். நானோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து எங்கள் ஊரைப் பற்றி வேறு யாருக்கோ சொன்னேன். எங்கள் ஊர் அதை மறுநாள் மூன்றாம் மனுஷர் வாயால் கேட்டது.

இதே சங்கடம் கடல் கடந்தும் இருக்கிறது. நைஜீரியாவில் கானி ஃபவெஹின்மி என்றொரு வக்கீல் இருந்தார். ராணுவ ஆட்சிகள் அவரைத் திரும்பத் திரும்பச் சிறையில் போட்டன. 1985-இல் நீதிமன்றத் தீர்ப்புகளை வாராவாரம் அச்சிட்டு வெளியிடும் இதழைத் தொடங்கியவரும் அவர்தான். நைஜர் டெல்டாவில் எண்ணெய் நிறுவனங்களை எதிர்த்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவுக்காக அவரும் ஃபெமி ஃபலானாவும் ஆஜரானார்கள். அந்த விசேஷத் தீர்ப்பாயம் நியாயமாக நடக்காது என்று தெரிந்ததும் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார்கள். 1995 நவம்பர் 10 அன்று கென் சாரோ-விவாவையும் அவரோடு எட்டுப் பேரையும் தூக்கிலிட்டார்கள். வெளியேறியது சரியா, உள்ளே இருந்து கடைசிவரை வாதாடியிருக்க வேண்டுமா என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கோர்ட்டுக்கு வெளியே பேசுவது சில நேரம் கடைசி வழி. அந்த வழியிலும் ஆளைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

அதே டெல்டாவில் போடோ என்ற மீனவ ஊர். 2008-இல் இரண்டு முறை ஷெல் நிறுவனத்தின் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து அவர்களுடைய அலையாத்தியும் கழியும் நாசமாயின. லண்டன் வரை போய் வழக்காடினார்கள். 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டுக்கு உடன்பாடு. அதில் 2 கோடி ஊருக்கு. மிச்சம் சுமார் 15,600 பேருக்குத் தனித்தனியாக. இதில் என்னை நிறுத்தியது பணத்தொகை இல்லை, அந்த 15,600. யார் யாருக்கு என்ன போனது என்று ஒருத்தர் விடாமல் பெயர் எழுதிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

பட்டியல் என்றால் எங்கள் ஊரில் நடப்பது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியபோது, தமிழக அரசு 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் அறிவித்தது. படகைச் சுலபமாக எண்ணிவிடலாம். சேற்றில் முட்டி போட்டுக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கடித்த பறியில் போடுகிறவர்களை எப்படி எண்ணுவது? கூடை தூக்கித் தெருத்தெருவாகப் போகிற பெண்ணின் நஷ்டத்தை எந்தக் காகிதம் காட்டும்? அதற்கெல்லாம் முன்பு, வேறொரு நிவாரணத்தின்போது, என் அம்மாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. "போட்டு இருக்கா? கார்டு இருக்கா?" என்று கேட்டார்கள். அவளிடம் கூடைதான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவியில் 'மீனவர்கள்' என்று நான் சொன்ன சொல்லுக்குள்ளும் அம்மா இல்லை. நான் மீனைப் பற்றிப் பேசினேன், சாம்பலைப் பற்றிப் பேசினேன், சட்டத்தைப் பற்றிப் பேசினேன். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை 1996-இல் பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நம் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பைத் தேதியோடு சொல்வேன்: ஆகஸ்ட் 28. ஆனால் அந்தச் செலவின் கணக்கில் விற்காமல் திரும்பி வந்த ஒரு கூடை மீனை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த சில மாதங்கள் நான் எந்த ஸ்டூடியோவுக்கும் போகவில்லை. அது சரியான முடிவு இல்லை என்று பிறகு புரிந்தது. நான் போகாத நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து, வளர்ச்சி என்றால் கொஞ்சம் தூசு இருக்கத்தான் செய்யும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அன்று அம்மாதான் டிவியைப் பார்த்துக்கொண்டே, "இவன் சொல்றதுக்கு நீ சொன்னதே தேவல" என்றாள்.

இப்போது கூப்பிட்டால் போகிறேன். போவதற்கு முந்தின நாள் ஊரில் கூடை தூக்கும் பெண்கள் நாலைந்து பேரிடம், நாளைக்கு இப்படிப் பேசப்போகிறேன் என்று சொல்கிறேன். சிலது வேண்டாம் என்பார்கள். சிலதைக் கட்டாயம் சொல் என்பார்கள். முதல் நாற்பது விநாடியிலேயே யார் கொட்டினார்கள், யார் அள்ள வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டினாலும் அது மிஞ்சட்டும். மனு தயாரிக்கும்போது படகோடு கூடையையும் எழுதுகிறேன். எத்தனை பேர், எந்தத் தெரு, ஒரு நாள் விற்பனை எவ்வளவு. ஒரு குயர் நோட்டு முழுக்க அந்தக் கணக்குதான்.

மீன் பற்றி என்ன சொல்வது என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. தின்பவருக்கும் உரிமை இருக்கிறது, விற்பவருக்கும் இருக்கிறது. சோதனை செய்து முடிவைத் தமிழில் வெளியிடச் சொல்லிக் கேட்கிறேன். எது நல்லது எது கெட்டது என்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் மரியாதை. தெரியாமல் வைத்திருப்பதுதான் இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

சமீபத்தில் ஒரு திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஷாமியானா, போலீஸ், வரிசையாக நாற்காலி. நான் குறிப்புகளோடு போயிருந்தேன். என் முறைக்கு முன்னால் அம்மா எழுந்து மைக் பக்கம் போனாள். எனக்குச் சொல்லவே இல்லை. கூடையையும் கையோடு கொண்டுபோனாள். காலியாகத்தான் இருந்தது.

"எம் பேர எயுதிக்கோ சார்," என்றாள் அதிகாரியிடம். அவர் பெயரைக் கேட்டு எழுதினார். தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "ஹவுஸ் வைஃப் தானம்மா?" என்றார்.

"மீன் விக்கறேன்," என்றாள் அம்மா. "அத்த எயுது. அப்புறம்தான் பேசுவேன்."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். நான் என் குறிப்புகளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.