ஆணி இல்லாத செருப்பு

சிவகாசியில் தொழில் கற்கப் போவது பெருமை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்த கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் தோல் வேலை படிக்கப் போகிறேன் என்றபோது மட்டும் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

அச்சகத்தில் டைரி பைண்டிங் பிரிவில் இருந்தேன். ரெக்சின் உறை ஒட்டி ஒட்டிச் சலித்து, அசல் தோலில் ஒன்று செய்துபார்க்க ஆசை வந்தது. செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "டைரி மேசையில கெடக்கும் தம்பி, செருப்புதான் வெயில்ல நடக்கும். முதல்ல அதைப் படி" என்றார்.

ஊசியை உடனே கையில் கொடுக்கவில்லை. தோலைத் தடவச் சொன்னார். முதுகுப் பக்கம் கெட்டி, அடி வெட்ட அதுதான். வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, இழுத்தால் வரும். வாரை முதுகெலும்பு ஓடும் திசையிலேயே வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் சீக்கிரமே தொளதொளத்துவிடும். திண்டுக்கல்லில் இருந்து அவர் வாங்குவது ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். குரோம் போட்டால் ஓரிரு நாளில் பதமாகிவிடும், பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆவாரந்தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும் என்பதால் கடைசியில் கடுக்காய்ச் சாறு காட்டுவார்கள். இப்போது மோந்து பார்த்தே என்னால் பட்டைத்தோலைச் சொல்ல முடியும். வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது வேறு.

தையல்தான் உயிர். மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. குத்தூசியால் சாய்வாகத் துளை போட்டு, ஒரே துளைக்குள் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விட்டு இழுக்க வேண்டும். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்து நிற்கும். மிஷின் தையலில் ஒரு கண்ணி போனால் பக்கத்துக் கண்ணியும் கழன்றுவரும். அடித்தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, அரை ஈரத்தில் சுத்தியலால் தட்டி இறுக்கிய பிறகே தைப்பது. அச்சுத் தொழிலுக்கு வரமான எங்கள் வறண்ட காற்று தோலுக்குச் சத்துரு. விளக்கெண்ணெய் தடவாமல் விட்டால் சித்திரைக்குள் வெடித்துவிடும்.

அண்ணன் ஆணி அடிப்பதே இல்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற, செலுத்துகிற அறைகளுக்குள் இரும்பு ஆணி வைத்த செருப்பு ஆகாது. தரையில் உரசி ஒரு பொறி போதும். பலரும் வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் போகிறார்கள். "மறந்து போட்டுட்டுப் போறவன் ஒருத்தன் இருப்பான்ல" என்பார். அந்த ஒருத்தனுக்காகவே எல்லாச் செருப்பும் முழுத் தையல். ஆணி அடித்தால் பாதி நேரத்தில் முடியும்.

அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அருந்ததியர்களுக்கு 2009-இல் வந்த 3 சதவீத உள்ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அவள் குத்தூசியைத் தொட்டதில்லை, தொடவும் விடமாட்டார். கைத்தொழில் அழிகிறதே என்று யாராவது கட்டுரையில் உருகும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் விரும்பி உட்கார்ந்த மணை இது. அவரை உட்காரவைத்தது ஊர்.

இப்போது இருவரும் கூட்டு. புரட்டாசி முதல் மார்கழி வரை டைரி உறை, மற்ற நாளில் செருப்பு. தோல் உறைக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதே தோல், அதே தையல், செருப்பென்றால் பேரம். அதனால் விலை பேசுவது என் வேலை. அண்ணன் வயதில் பாதிதான் எனக்கு. அவரிடம் "என்னப்பா, கொறச்சுக்கோ" என்பவர்கள் என்னிடம் "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். ஜோடிக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. அதை அண்ணன் பங்கில்தான் சேர்க்கிறேன். முதல் தடவை வாங்க மறுத்தார், இப்போது எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்.