தேய்க்காதீர்கள், ப்ளீஸ்!

உங்கள் வீட்டு பூஜை அறையில், பித்தளைக் கிண்ணத்திலோ மஞ்சள் துணி முடிச்சிலோ, இரண்டு மூன்று பழைய வெள்ளி ரூபாய்கள் இருக்கலாம். விக்டோரியா மகாராணி தலை போட்டது. பாட்டி கொடுத்தது. பாட்டிக்கு அவங்க பாட்டி கொடுத்தது. வருஷம் பூரா யாரும் அதைச் சீண்டுவதில்லை. ஆயுத பூஜை வந்தால் போதும்... புளி, விபூதி, எலுமிச்சம்பழம் என்று ஒரு படையே கிளம்பிவிடும். அரை மணி நேரத்தில் ராணியம்மா பளபள!

அந்த அரை மணி நேரத்தில் உங்கள் சொத்தில் ஒரு பகுதி அழுக்குத் தண்ணீரோடு ஓடிவிடுகிறது, தெரியுமா?

நான் பி.காம். படித்தவன். 'டிப்ரிசியேஷன்' என்றொரு பாடத்தை உருப்போட்டிருக்கிறேன். மேஜை, நாற்காலி, மெஷின் எதுவானாலும் பழசாகப் பழசாக மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். பழைய நாணயம் இந்தக் கணக்கில் அடங்காது. அப்படியானால் பழசாக ஆக விலை ஏறுமா? அதுவும் கிடையாது! 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயைப் பாருங்கள். அந்த வருஷத்தை மாற்றாமலே 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். அதனால் '1862' என்ற எண்ணைப் பார்த்து மட்டும் யாரும் மயங்குவதில்லை.

விலையைத் தீர்மானிப்பவை மூன்று. எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது மட்டும்தான் நம் கையில். அதைத்தான் புளி போட்டுத் தேய்க்கிறோம்!

நாணயத்தின் நிலைக்கு மார்க் போடும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்ற மனோதத்துவ நிபுணர், அந்நாட்டின் பழைய செப்புக் காசுகளைப் பற்றி 1949-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் 1 முதல் 70 வரை மார்க் போட்டார். அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது 1. துளிக்கூடக் குறை இல்லாதது 70. இன்று பெரிய நிறுவனங்கள் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் குறை தெரியாவிட்டால்தான் 70 தருகின்றன. 60-க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத காசு.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பட்டியலில் 'குட்' என்று ஒரு நிலை உண்டு. நல்லாயிருக்கு போல என்று சந்தோஷப்படாதீர்கள். நன்றாகத் தேய்ந்துபோன காசுக்குத்தான் அந்தப் பெயர். 'வெரி குட்'டும் ஏறக்குறைய அதே கதை. பரீட்சையில் பாஸ் ஆன பையனைப் 'பரவாயில்லை' என்போமே, அந்த மாதிரி.

சரி, தேய்த்தால் அப்படி என்னதான் ஆகிறது? நாணயம் அச்சடிக்கும்போது விழுகிற பலத்த அடியில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் உண்டாகின்றன. புதுக் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் மாதிரி சுழலும். அதற்கு இந்தக் கோடுகள்தான் காரணம். விபூதியும் விரலும் சேர்ந்து முதலில் அழிப்பது இவற்றைத்தான். அப்புறம் வருகிற பளபளப்பு வேறு. ஆயிரம் கீறல்களின் பளபளப்பு. பழகிய கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். வெள்ளியின் மேல் வருஷக்கணக்கில் படிந்த கருமையும் நீலமும் அழுக்கு அல்ல, 'என்னை யாரும் தொடவில்லை' என்பதற்கான சாட்சி.

ஒரு நாணயக் கண்காட்சியில் பார்த்தேன். ஒரு அம்மா, எழுபது வயசிருக்கும், கைக்குட்டையைப் பிரித்து ஐந்து ரூபாய்களை மேஜையில் வைத்தார். கண்ணைப் பறித்தது. பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காம்.

"நேத்து ராத்திரி உக்காந்து தேய்ச்சேன் தம்பி. அழுக்காக் கொண்டுவந்து குடுக்கக் கூடாதில்ல?"

கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தராசை எடுத்தார். ஒரு காசு 11.66 கிராம்.

"வெள்ளி வெயிட்டுக்குத்தாம்மா எடுக்க முடியும். இதுல ஒண்ணு நல்ல காசும்மா. அப்படியே கொண்டுவந்திருந்தீங்கன்னா..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. "சுத்தமா குடுத்தாத்தானே மரியாதை?" என்றார் அந்த அம்மா. இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? மரியாதைக்காகத்தான் தேய்த்தார். அந்த மரியாதைக்கு அவரே விலையும் கொடுத்தார்.

அப்படியானால் காயம்பட்ட காசெல்லாம் குப்பையா? இல்லை. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு! 'இனி இது நாணயமாகச் செல்லாது, தங்கமாகத்தான் மதிப்பு' என்பதற்கான அடையாளம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த வெட்டு வரலாறு. நம் வீட்டுப் புளிக்கு அந்த அந்தஸ்து கிடையாது.

ஆகவே, சில சின்ன விஷயங்கள். காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். காசு மாலைக்காக வளையம் பற்றவைத்தாலும், துளை போட்டாலும் சேகரிப்பவர் தள்ளிப் போய்விடுவார். இன்னொன்று: 'பழைய காசு இருக்கா, லட்சம் தர்றேன்' என்று ஒருவர் கூப்பிட்டால், காசு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் கேட்கிறாரா பாருங்கள். அதைக் கேட்காமல் கமிஷன், வரி என்று முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

கடைசியாக ஒன்று. எல்லாக் காசும் விற்பதற்காக இல்லை. சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட என்றால் தாராளமாகத் தேயுங்கள், சந்தனம் வையுங்கள், குங்குமம் இடுங்கள். அது உங்கள் காசு, உங்கள் பாட்டியின் நினைவு. எந்த லென்ஸுக்கும் அங்கே வேலை இல்லை. ஆனால் அது சாமிக்கா, சந்தைக்கா என்பதைப் புளியைக் கரைப்பதற்கு முன்னால் முடிவு செய்துவிடுங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க எந்தக் கடையிலும் பசை விற்பதில்லை.