கூட்டாளி தந்த இளவரசன்

2022இல் படம் வந்தபோது ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வாசிக்காமலே தியேட்டருக்குப் போய்வந்தேன். “படம் நல்லாத்தான் இருக்கு” எண்டு சொன்னதுக்கே கூட்டாளிக்குக் கோபம் வந்திட்டுது. அடுத்த நாளே முதலாம் பாகத்தோடு வந்து நின்றான். அவனுடைய அம்மம்மா வாசிச்ச புத்தகம். மட்டை கிழிஞ்சு ஒட்டுப்போட்டிருந்தது. “ஐம்பது பக்கம் வாசி. பிடிக்காட்டித் திருப்பித் தா, பிறகு கேக்கவே மாட்டன்” எண்டான்.

ஐந்து பாகம் எண்டதுமே எனக்குப் பஞ்சி. வரலாறு எண்டால் சாதாரண தரத்துக்குப் பாடமாக்கின ஆண்டுகள்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வாற வந்தியத்தேவனை உடனே பிடிச்சுப்போச்சு. வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். யோசிக்காமல் போய் மாட்டுப்படுவான், பொய் சொல்லித் தப்புவான். எங்கட பட்ச்சிலயே இப்பிடி நாலு பேர் இருக்கினம். கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக எழுதினவர். அதனாலதான் ஒவ்வொரு அத்தியாயமும் மூடி வைக்க ஏலாத இடத்தில் முடியுது.

இரண்டாம் பாகத்தில் கதை எங்கட பக்கம் வந்திட்டுது. கோடிக்கரையில் இருந்து பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவாறாள். தம்புள்ளை, அநுராதபுரம் எண்டு எல்லாம் தெரிஞ்ச ஊர்கள். அநுராதபுரத்தில் ஒரு இரவு பிக்குகள் இளவரசன் அருள்மொழிவர்மனுக்கு இலங்கைச் சிம்மாசனத்தையே தர முன்வருகினம். அவன் வேண்டாம் எண்டு சொல்லிவிடுகிறான். அந்த அத்தியாயத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

அந்தச் சந்தோசத்தில், கம்பஸில் என்னோடு ஒரே அறையில் இருக்கிற அநுராதபுரத்துச் சிங்களப் பொடியனுக்கும் கதையைச் சொன்னேன், அரைத் தமிழும் அரைச் சிங்களமுமாக. முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்த இளவரசன் பிறகு ஆர்?” எண்டான். “ராஜராஜ சோழன்” எண்டன். அவன் சிரிச்சான். “எங்கட புத்தகத்தில அவர் வேற மாதிரி மச்சான்.”

கோபம் வந்தது, பதில் வரவில்லை. ஏனெண்டால் அவன் சொன்னது சரி. ராஜராஜன் முடிசூடினது 985இல். 993இல் சோழப்படை இங்கே வந்தது. பல நூற்றாண்டுகள் தலைநகராக இருந்த அநுராதபுரம் விழுந்தது. சோழர் பொலன்னறுவையில் இருந்து ஆண்டார்கள். அவர்கள் கட்டின வானவன்மாதேவி ஈச்சரம் இன்னும் அங்கே நிற்கிறது. 1017இல் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இதெல்லாம் எங்கட பாடப்புத்தகத்திலயும் இருந்ததுதான். நான்தான் ஆண்டை மட்டும் பாடமாக்கினனான்.

கூட்டாளிக்குப் போன் எடுத்துப் புலம்பினேன். “அப்ப கல்கி பொய்யே எழுதினவர்?” “அது நாவலடா. அவர் முடிசூட முன்னமே கதை முடிஞ்சிடும். முதல்ல கடைசிப் பாகத்தை வாசி, பிறகு சண்டை பிடி” எண்டான்.

வாசித்தேன். கைக்கு வந்த கிரீடத்தை அருள்மொழி உத்தம சோழனுக்குக் கொடுக்கிற இடத்தில் கண் கலங்கினது உண்மை. கதையில் வாற அருள்மொழியை இப்பவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவனைக் காட்டி ஆராவது “ஆண்ட பரம்பரை” எண்டு மார்தட்டேக்க என்னால் கைதட்ட ஏலாது. தோற்ற ஊர்க்காரன் ஒருத்தன் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறான்.

அவன் என்னை விடுவதாயும் இல்லை. “பிறகு என்ன நடந்தது?” எண்டு ஒவ்வொரு இரவும் கேட்கிறான். இப்ப மூன்றாம் பாகத்தில் நிற்கிறம். நந்தினியை அவனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் முழுசா விளங்கவில்லை.

இன்னும் வாசிக்காத ஆக்கள் இருந்தால் ஐம்பது பக்கம் மட்டும் வாசிச்சுப் பாருங்கோ. முடிச்ச பிறகு பழைய வரலாற்றுப் புத்தகத்தையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.