சாப்பிட்டேன்மா... தூங்கினேன்மா...

ஏர் ஹோஸ்டஸ் வேலைன்னா நம்ம சனங்க மனசுல ரெண்டே படம்தான். ஒண்ணு, ஓசியில ஊர் சுத்தற ஜாலி வேலை. இன்னொண்ணு, "ஐயோ, அந்த வேலைக்கா பொண்ணை அனுப்பினீங்க?" மும்பையில 15 வருஷமா இதுதான் எனக்குச் சோறு போடுது. இப்ப பாதி நாள் பறக்கிறேன், பாதி நாள் புதுசா வர்ற பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த ரெண்டு படத்துலயும் வராத ஒரு விஷயத்தைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். வெளியூர்ல பறக்கிற பொண்ணோ பையனோ இருக்கிற வீட்டுக்காரங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க இன்னொரு வேலை பியர் சப்போர்ட். அதாவது, கஷ்டத்துல இருக்கிற கேபின் க்ரூகிட்ட இன்னொரு கேபின் க்ரூவே உட்கார்ந்து பேசறது. நாங்க டாக்டர் இல்லை, கவுன்சிலரும் இல்லை. காது கொடுத்துக் கேட்போம். தேவைப்பட்டா சரியான ஆள்கிட்ட அனுப்பி வைப்போம். அவ்வளவுதான். கேட்டதை மேலிடத்துல சொல்லக் கூடாதுங்கறது முதல் விதி. உயிருக்கோ விமானப் பாதுகாப்புக்கோ ஆபத்துன்னா மட்டும்தான் விலக்கு, அதையும் சம்பந்தப்பட்டவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுவோம். அதனால என்கிட்ட யார் என்ன சொன்னாங்கன்னு இங்கே ஒரு வரி கூட வராது. என் கதையைச் சொல்ல யாரும் தடை போடலையே, அதைச் சொல்றேன்.

2012. சென்னையிலிருந்து டெல்லி போற ஃப்ளைட். 180 சீட், நாங்க நாலு பேர் (50 சீட்டுக்கு ஒரு க்ரூங்கறது கணக்கு). நடு வழியில ஒரு பெரியவருக்கு மூச்சு நின்னுடுச்சு. டாக்டர் யாராவது இருக்கீங்களான்னு அறிவிச்சோம், யாரும் இல்லை. கேலியில படுக்க வெச்சு 30 தடவை நெஞ்சை அழுத்தறது, ரெண்டு தடவை மூச்சு கொடுக்கறது, மறுபடி 30. நாக்பூர்ல இறங்கற வரைக்கும் நானும் இன்னொரு பொண்ணும் மாத்தி மாத்திப் பண்ணினோம். அவர் பிழைக்கலை.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் கஷ்டம். அதே விமானம், அதே பயணிகள், டெல்லிக்குப் போய்ச் சேரணும். லிப்ஸ்டிக்கைச் சரி பண்ணிக்கிட்டு, தண்ணி கொடுத்து, டெல்லியில கதவுகிட்ட நின்னு எல்லாருக்கும் கை கூப்பி வழியனுப்பினோம். ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்கிற அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1983ல் எழுதின புத்தகத்துல இதைத்தான் உணர்ச்சி உழைப்புன்னு சொல்லியிருக்காங்க. உள்ளுக்குள்ள என்ன இருந்தாலும் முகத்துல சிரிப்பு வெச்சிருக்கறதும் சம்பளத்துக்கான வேலையில ஒரு பகுதின்னு. அவங்க ஆராய்ச்சி பண்ணினதே விமானப் பணிப்பெண்களைத்தான்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணினேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்மா." "தூங்கினியா?" "தூங்கினேன்மா." ரெண்டுமே பொய். உண்மையைச் சொன்னா அம்மா பதறிடுவாங்க. அப்பா போனை வாங்கி, "வேலையை விட்டுட்டு வா, மாப்பிள்ளை பார்த்துடலாம்"னு ஆரம்பிப்பார். தங்கச்சி காலேஜ் ஃபீஸ் என் சம்பளத்துல போயிட்டிருந்த காலம் அது.

நாலு நாளா காதுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு 30 வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் சீனியர் சேச்சி ஒருத்தர் கூப்பிட்டாங்க. என்ன ஆச்சுன்னு அவங்க கேட்கவே இல்லை. "எத்தனை நிமிஷம் அழுத்தினே? முழங்கால் இன்னும் வலிக்குதா?"ன்னு கேட்டாங்க. நான் யார்கிட்டயும் முழங்காலைக் காட்டலை. கேலி தரையில மண்டி போட்டு அழுத்தினவங்களுக்குத்தானே முழங்கால் கன்னிப் போகும்னு தெரியும்? அப்பத்தான் அழுகை வந்துச்சு. ஒரு மணி நேரம் அழுதேன். அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்.

அந்தச் சேச்சி பண்ணினதுக்கு அப்போ பேரெல்லாம் கிடையாது. அமெரிக்காவுல கேபின் க்ரூ சங்கம் 1980கள்லேயே இதை ஒரு ஏற்பாடா நடத்திட்டு இருந்துச்சுன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். 2001 செப்டம்பர் 11ல கடத்தப்பட்ட நாலு விமானத்துலயும் சேர்த்து 25 கேபின் க்ரூ செத்துப் போனாங்க. மிச்சப் பேர் மறுபடி யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு அதே வேலைக்குப் போகணும். அவங்க பயத்தை அவங்களை மாதிரியே பறக்கிறவங்களை விட யாருக்குப் புரியும்?

ஐரோப்பாவுல 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மலையில மோதி 150 பேர் இறந்த பிறகு சட்டம் வந்துச்சு. 2021லிருந்து அங்கே இப்படி ஒரு ஆதரவுத் திட்டம் கட்டாயம். ஆனா கட்டாயம்ங்கறது விமானிகளுக்கு. நம்ம ஊர்ல டி.ஜி.சி.ஏ. 2023 பிப்ரவரியில் ஒரு மருத்துவச் சுற்றறிக்கை விட்டு, மனநலப் பரிசோதனை, பியர் சப்போர்ட் ரெண்டையும் வலியுறுத்துச்சு. 2025 ஜூன் 12ல் ஆமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்துச்சு. விமானத்துல இருந்த 242 பேர்ல 241 பேர் போயிட்டாங்க. அதுல 10 பேர் கேபின் க்ரூ. நாலு நாள் கழிச்சு, ஜூன் 16 அன்னிக்கு ஒரே நாள்ல அந்த நிறுவனத்தோட 112 விமானிகள் உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டதா அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. விமானிகள் கணக்கு வந்தது நல்லதுதான். அதே வாரம் எத்தனை கேபின் க்ரூ ராத்திரி தூங்காம காலையில டூட்டிக்கு வந்தாங்கங்கற கணக்கு எந்த ஏட்டுலயும் வராது.

ஏன் வராது? சொல்ல மாட்டாங்க. எங்க சம்பளத்துல பெரிய பங்கு பறக்கிற மணி நேரத்துக்கான அலவன்ஸ். அன்ஃபிட்டுன்னு உட்கார வெச்சா அது நின்னுடும். ஊர்ல வீட்டு லோன், இங்கே அந்தேரியில மூணு பேர் பகிர்ந்துக்கற ஃப்ளாட்டுக்கு வாடகை. 2012ல் கிங்ஃபிஷர், 2019ல் ஜெட் ஏர்வேஸ்னு கண்ணு முன்னாடியே கம்பெனிகள் மூடினதைப் பார்த்தவங்க நாங்க. அந்தப் பயத்துல இருக்கிறவங்களுக்கு, யூனிஃபார்ம் போட்ட ஒருத்தி ரகசியமா வந்து பக்கத்துல உட்கார்றதுதான் முதல் படி. அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட போகவே துணிச்சல் வரும். அதனாலதான் இந்த ஏற்பாடு ஒவ்வொரு கம்பெனியிலயும் கேபின் க்ரூவுக்கும் இருக்கணும்னு சொல்றேன்.

இனி வீட்டுக்காரங்களுக்கு. உலக சுகாதார நிறுவனம் மன முதலுதவிக்கு மூணு வார்த்தை சொல்லுது: பார், கேள், இணை. நடந்ததைத் தோண்டித் தோண்டிக் கேட்கச் சொல்லலை. வலுக்கட்டாயமாப் பேச வைக்கறது கெடுதலாகூட ஆகலாம். அதனால:

போன்ல "சாப்பிட்டேன்மா"ன்னு ஒரே வார்த்தையில பதில் வந்தா, குரலைக் கவனிங்க. வீடியோ கால்ல ஒரு தடவை முகத்தைப் பாருங்க.

ராத்திரி ஃப்ளைட் முடிச்சு வந்த பிள்ளையை, வெளிச்சத்துல எதுக்குத் தூக்கம்னு எழுப்பாதீங்க.

"வேலையை விட்டுட்டு வா"ங்கற வார்த்தையைக் கொஞ்ச நாள் உள்ளேயே வெச்சுக்கங்க. உங்க பாசம் எங்களுக்குத் தெரியும். ஆனா அந்த வார்த்தைக்குப் பயந்துதான் நாங்க பொய் சொல்றோம்.

"உன்கூட வேலை பார்க்கிறவங்க யார்கிட்டயாவது பேசினியா?"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வி போதும்.

ஆபீஸ் பக்கமே போக வேண்டாம்னு நினைச்சா டெலி மானஸ் இருக்கு. 14416ங்கற எண். மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் வரலைன்னா, சாகணும்னு வார்த்தை வந்தா, எங்களை மாதிரி ஆளுங்களோட நிறுத்தாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க.

அடுத்த தடவை நீங்க விமானத்துல இறங்கும்போது கதவுகிட்ட ஒரு பொண்ணு கை கூப்பி நிப்பா. காதுல இருக்கிற ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, பதிலுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போங்க. அதுவும் எங்களுக்கு உதவிதான் :-)