அம்மாச்சியின் மார்கழி யாத்திரை

மார்கழி மாதத்தில் நம் நாட்டில் கலியாணப் பந்தல் போடுவதில்லை. புது வீடு குடிபுகுவதுமில்லை. மாதம் முழுவதையும் பகவானுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள் நம் பெரியோர். ஆயினும் பெண்ணையும் பேரக் குழந்தையையும் பார்த்து வருவதற்கு எந்தப் பஞ்சாங்கமும் தடை சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில்தான், ஒரு மார்கழியில் அரையாண்டு விடுமுறையின்போது, 76 வயதான எங்கள் தாயாரை அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்குப் புறப்பட்டோம்.

அங்கே எங்கள் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைப்பிரசவம் வழக்கப்படி பிறந்தகத்திலேயே நடந்தது. ஐந்தாம் மாதம் குழந்தையோடு போனவள், பிறகு ஓராண்டாக வர இயலவில்லை. அவள் உத்தியோகம் பார்ப்பவள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பதே அரிது. தாயாருக்கோ முழங்கால் வலி. ஆகவே பாட்டியும் பேத்தியும் கைப்பேசித் திரையில்தான் உறவாடி வந்தார்கள். தினந்தோறும் மாலையில் தாயார் காய்கறிக் கூடையை எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். குழந்தை அங்கிருந்து மழலையில் பெயர் சொல்லும். அவரைக்காய்க்கு "அவக்கா" என்பது அதன் மொழி.

"பனியிலே எதற்குப் பிரயாணம்? தை பிறக்கட்டுமே" என்றார்கள் உறவினர். "தை மட்டும் பிள்ளை இப்படியே இருக்குமா?" என்று தாயார் கேட்டார். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் மனத்தில் வேறொரு கவலை இருந்தது. திருமங்கலம் தாண்டியதும் அதைச் சொன்னார்: "கண்ணாடிக்குள்ளே சிரிக்கிற பிள்ளை, நேரிலே என் மடிக்கு வருமா, ஐயா?"

திருமங்கலத்தில் பிரிந்து கொல்லம் வரை செல்லும் நெடுஞ்சாலை இது. பனி விலகாத கரிசல் காடுகள் இருபுறமும் விரிந்து கிடந்தன. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டாதலால் கண்மாய்கள் நிறைந்திருந்தன. தே. கல்லுப்பட்டியில் இறங்கித் தேநீர் அருந்தினோம். 1940-ஆம் ஆண்டில் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமம் இவ்வூரில்தான் இருக்கிறது. கிராமக் கைத்தொழில்களே நாட்டின் உயிர் என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய ஜே. ஸி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை இங்கேதான் கழித்தார். பெரிய பெரிய நகரங்களைப் பார்த்த அந்த மேதை ஓய்வுக்கு ஒரு கரிசல் கிராமத்தைத் தேர்ந்துகொண்டார் என்பதை நினைக்கும்போது, அச்சிற்றூரின் மீது தனி மரியாதை பிறக்கிறது.

கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது மேற்கே மலைத்தொடர் நீலமாய் எழுந்து உடன் வரத் தொடங்குகிறது. சற்று நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தென்னந்தலைகளுக்கு மேலே தெரிந்தது. பதினொரு நிலைகள், 190 அடிக்கு மேற்பட்ட உயரம். அரசாங்க முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். மார்கழியில் ஆண்டாள் சந்நிதியைக் கடந்து போவதாவது! வண்டியை நிறுத்தச் சொன்னோம். தாயாரோ இருந்த இடத்திலிருந்தே கைகூப்பிவிட்டு, "அவள் எங்கே போய்விடப் போகிறாள்? முதலில் பிள்ளையைப் பார்ப்போம். நாளைக்குச் சேர்ந்தே வந்து சேவித்துக்கொள்ளலாம்" என்றார். மறுத்துப் பேச இயலவில்லை. மேலும் 12 கிலோ மீட்டர் போனால் ராஜபாளையம்.

முற்காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் பெயரைத் தாங்கிய ஊர் இது. 1936-இல் பி. ஏ. ஸி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில் முதலாகப் பல நூற்பாலைகள் இங்கே எழுந்தன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் மெல்லிய வலைத்துணி ஆஸ்பத்திரிகளில் காயங்களுக்குக் கட்டுப்போடப் பயன்படுகிறது. ஊரின் பெயரை வெளிநாட்டாரும் அறியச் செய்தது இங்குள்ள வெள்ளை வேட்டை நாய். 2005-ஆம் ஆண்டில் தபால் தலையிலும் அது இடம் பெற்றது.

தங்கை வீட்டு வாசலில் சம்பந்தியம்மாள், "வாங்க, மதினி! இந்தக் காலோடு வந்துவிட்டீர்களே!" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். குழந்தை தாயின் தோளில் இருந்தது. தாயார் இரண்டு கைகளையும் நீட்டினார். அது ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பிறகு வீடே அதிரும்படி அழுதுகொண்டு தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "புதுமுகம், அதுதான்" என்றார் சம்பந்தியம்மாள் சமாதானமாக. பத்து மாதம் சுமந்தவளைச் சுமந்தவர் புதுமுகமாகிவிட்டார்! தாயார் ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் வாடிவிட்டது.

நடுக்கூடத்தில் உட்கார்ந்து, மதுரையிலிருந்து சுமந்து வந்த பையைப் பிரித்தார். கொல்லையில் காய்த்த அவரை, மொச்சை, கத்தரி, ஒரு சிறு பூசணி, இரண்டு சீப்பு வாழைக்காய் எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் பரப்பினார். ஒன்றைக் கையில் எடுத்து, யாரையும் பார்க்காமல், "இது என்ன?" என்று கேட்டார். அழுகை நின்றது. தோளிலிருந்து ஒரு சிறு தலை திரும்பியது. "அவக்கா" என்றது குழந்தை. அடுத்த காயை எடுப்பதற்குள் தானே இறங்கித் தத்தி நடந்து வந்துவிட்டது. கிட்டே வந்து, பாட்டியின் கன்னத்தை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தது. கைப்பேசிப் படம் என்று நினைத்ததோ என்னவோ! கன்னம் நகரவில்லை, சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கண்டு குழந்தையும் சிரித்தது. பிறகு இராப்பொழுது மட்டும் அம்மாச்சியின் மடியை விட்டு இறங்கவில்லை.

அன்று மாலை நாங்கள் மட்டும் காந்தி கலை மன்றத்தைப் பார்த்து வந்தோம். 1927-இல் மகாத்மா காந்தி வந்த ஊரல்லவா இது! 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே கலைக்காக ஈந்துவிட்டார். அதுவே இந்த மன்றம். அவர் இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். ஒரு மாகாணத்தை ஆண்ட கைக்கு முதலில் சோறு ஊட்டியது ஒரு பாட்டியின் கை என்பதைத் திரும்பி வந்து சொன்னோம். "அதில் என்ன அதிசயம்?" என்றார் தாயார், மடியிலிருந்த குழந்தையின் வாயைத் துடைத்தபடி.

மறுநாள் எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றோம். வடபத்ரசாயி கோவிலுக்கும் ஆண்டாள் சந்நிதிக்கும் இடையே, பெரியாழ்வார் துளசிச் செடியடியில் குழந்தையைக் கண்டெடுத்த நந்தவனம் இருக்கிறது. இலைகளாலும் பூக்களாலும் நாள்தோறும் புதிதாய்ச் செய்த கிளி ஆண்டாளின் இடது கையில் அமர்ந்திருந்தது. அன்று பகல்பத்து தொடங்கும் நாள். ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வார் வம்சத்தாரான வேதபிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருளும் நாளும் அதுவே. அதாவது, ஆண்டாள் ஆண்டுதோறும் பிறந்தகம் வரும் நாள். அவளை வரவேற்க வாசலில் காய்கறிகளையும் பழங்களையும் குவித்துப் பரப்பி வைக்கிறார்கள். இதற்குப் பச்சை பரத்தல் என்று பெயர். மணிப்பருப்பும் திரட்டுப்பாலும் நிவேதனம் ஆகின்றன. உலகாளும் பெருமானை மணந்தவளுக்கும் பிறந்த வீட்டார் செய்யும் சீர் இவ்வளவே: தோட்டத்துக் காயும் வீட்டுப் பாலும்.

பூசணியும் கத்தரியும் அவரையும் வரிசையாகக் கிடந்ததைக் கண்டதும் தங்கை தாயாரின் தோளைத் தொட்டாள். "அம்மா, நேற்று நீ நம் வீட்டுக் கூடத்தில் செய்தது இதுதானே!" என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. குழந்தையோ கூட்டத்தின் மேலாகக் கையை நீட்டி, "அவக்கா!" என்று உரக்கக் கூவியது. அருகிலிருந்தோர் நகைத்தார்கள்.

பெண் பிறந்தகம் வருவதுதான் நம் பழைய வழக்கம். ஆடிக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை, பிரசவத்துக்கு ஒருமுறை என்று அதற்கு முறை வகுத்திருந்தார்கள். இன்றோ பெண்கள் ஆண்களைப் போலவே உத்தியோகம் பார்க்கிறார்கள். குடும்பத்துக்கும் நாட்டுக்கும் அது நன்மையே. ஆனால் அவர்களுக்குப் பிறந்தகம் போக நாள் கிடைப்பதில்லை. பெண் வர முடியாவிட்டால் பிறந்தகம் அவளைத் தேடிப் போகவேண்டியதுதான். அதற்குப் பெரிய செல்வம் வேண்டாம்; ஒரு பை காய்கறியும், அதைச் சுமந்து வர ஒரு தாயும் போதும். வயதான அந்தத் தாயைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை.

நேயர்களுக்கும் மார்கழியில் ஓய்வு கிடைக்கக்கூடும். சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை ரயில் இவ்விரண்டு ஊர்களிலும் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கடைத்தெருவெங்கும் கிடைக்கும். பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறொன்றும் இல்லாததால், பல் போன பாட்டியும் பல் முளைக்கும் பேத்தியும் ஒரே இலையிலிருந்து பங்கிட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பெரும்பங்கு போனது பேத்திக்கு.